மாடி வீட்டு அமிர்தவள்ளி

கலவை
12.6.1998

அன்பான ஃபீபி அக்காவுக்கு ஜெனிஃபா எழுதுவது.

முதலில் நல்ல சேதி. எனக்கு இது மூன்றாவது மாதம். போன தடவை மாதிரி கலைந்துவிடக் கூடாது என்று ஆற்காட்டு டாக்டரம்மா பஸ் ஏறுவதற்கே தடை போட்டுவிட்டார். குழந்தை கைக்கு வருகிற வரைக்கும் நான் ஆம்பூர் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது. நீ அழமாட்டாய் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போய் யார் தைத்த தையலிலாவது குற்றம் கண்டுபிடிப்பாய். உனக்கும் சேர்த்து நானே இங்கே அழுதுவிட்டேன்.

இனிமேல் உன்னைத் திட்ட வேண்டிய சேதி. உன்னைத் திட்டவும் முடியவில்லை, தப்பு என் மேல்தான். நம் வியாழக்கிழமை சீரியலில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொன்னவள் நான். ஆனால் இந்த வீட்டு வழக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இங்கே யாருக்குக் கடிதம் வந்தாலும் ராத்திரி குடும்ப ஜெபத்தில் இவர் அதை உரக்க வாசிப்பார். யாருக்கு என்ன கஷ்டம் என்று தெரிந்தால்தானே ஜெபத்தில் வைக்க முடியும் என்பார்கள் அத்தை. அதில் கள்ளம் ஒன்றும் இல்லை, அத்தை அப்படித்தான். இவரும் உன் கடிதத்தை எடுத்து, மாமியார் தனகோடி மருமகள் அமிர்தவள்ளியிடமிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கிய இடம் வரைக்கும் நன்றாக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். அடுத்த வரியில் 'டிவி' என்று வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

அத்தை கண்ணைத் திறக்காமலே, "உங்கக்கா தங்கமான பொண்ணு. அதுக்கு இன்னாத்துக்கு இந்தப் பொட்டி சகவாசம்?" என்றார்கள். அதோடு சரி. எனக்குத்தான் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அக்கா, எனக்கு இங்கே எல்லாம் இருக்கிறது. சாப்பாடு, அன்பு, மாடு, கிணறு. பாஷா பாய் வீட்டு ஹாலில் டிவி முன்னால் உன் தோளில் சாய்ந்துகொண்டு "அடுத்த வாரம் இன்னா ஆவும் சொல்லு" என்று உன்னிடம் பந்தயம் கட்டுவது மட்டும்தான் இல்லை. அதனால் ஒரு யோசனை. டிவி என்றோ சீரியல் என்றோ இனிமேல் எழுதாதே. நம் தெருவில், பாஷா பாய் வீட்டு மாடியில், அமிர்தவள்ளி குடும்பம் குடிவந்திருப்பதாக எழுது. எனக்குப் புரியும். நான் உனக்கு எழுதுவதை யாரும் பார்ப்பதில்லை, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடுவேன். செய்வாயா?

உன் ஜெனி.


ஆம்பூர்
28.6.1998

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஜெனிஃபாவுக்கு ஃபீபி எழுதும் கடிதம். தேவ கிருபையில் நான் நலமாக இருக்கிறேன். மாப்பிள்ளை ஜார்ஜுக்கும், மரியம்மாள் அத்தைக்கும் என் ஸ்தோத்திரம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது குடத்தைத் தூக்காதே. மாங்காயை அளவாகத் தின்னு. எங்கள் கம்பெனியில் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்குப் பூட்ஸ் ஆர்டர் வந்திருக்கிறது. அவர்கள் கால் குளிராமல் இருப்பதற்கு நாங்கள் இந்த வெயிலில் வேர்த்து ஊற்றிக்கொண்டு தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மற்றபடி விசேஷம் இல்லை.

ஒரு விசேஷம் உண்டு. பாஷா பாய் வீட்டு மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மருமகள் பெயர் அமிர்தவள்ளி, தாயில்லாத பெண். அப்பா வேதாசலம் இருக்கிறார், இருந்தும் பிரயோஜனம் இல்லை. புருஷன் குமரன், பார்க்க லட்சணமாக இருக்கிறான், அவ்வளவுதான். மாமியார் தனகோடியைப் பற்றி என்ன சொல்வது? காலையில் அந்த அம்மாள் சிரித்தால் சாயங்காலம் யாரோ ஒருவர் வீட்டில் உலை வைக்க முடியாது.

போன வியாழக்கிழமை அமிர்தவள்ளியின் வளையலைத் தானே எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, "வளையலை வித்து அப்பனுக்கு அனுப்பிட்டா" என்று பழி போட்டாள். குமரன் வாயைத் திறக்கவில்லை. கீழே இருந்து கேட்டுக்கொண்டிருந்த பாஷா பாய்க்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா புருஷன் இவன், வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கான்? பேஜாருப்பா!" என்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவர் பெண்சாதி அவரைச் சாந்தப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வளையல் கிடைக்கும் என்று நான் நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா ஃபீபி.


கலவை
15.7.1998

என் செல்ல அக்காவுக்கு,

வளையல் கிடைக்காது. வேலைக்காரி கையில் இருக்கும், அவள் ஊருக்குப் போய்விடுவாள். வேண்டுமானால் பார். பந்தயம் ஒரு ரோஸ்மில்க்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். இவர் உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் அத்தை முட்டி போட்டார்கள். எனக்காகவும் வயிற்றுப் பிள்ளைக்காகவும் ஜெபித்துவிட்டு, அப்புறம், "ஆண்டவரே, ஆம்பூர்ல மாடி வீட்டுல இருக்கிற அமிர்தவள்ளிய நெனச்சருளும். தாயில்லாத புள்ள. அந்தத் தனகோடி மனச எளக்கும்" என்று ஆரம்பித்தார்கள் பார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் நான் அழுவதாக நினைத்து என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அத்தை எழுந்து நின்று அமிர்தவள்ளியை ஜெபக் குறிப்பில் சேர்த்துவிட்டார்கள். இப்போது கலவையில் முப்பது பேர் தனகோடி திருந்துவதற்காக வேண்டிக்கொள்கிறார்கள். அந்த நடிகைக்குத் தெரிந்தால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பாள்.

அத்தைக்கு ஒரே ஒரு சந்தேகம். "அது இன்னாடி, வியாழக்கிழமையானா மட்டும் சண்டை வருது அந்த வீட்டுல?" என்று கேட்டார்கள். குமரனுக்கு அன்றைக்குத்தான் கடை லீவு என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே எழுது.

பாவம் இல்லையா இது என்று இடையில் ஒரு நாள் தோன்றியது. அப்புறம் உன் கடிதம் வரவில்லையே என்று தோன்றிவிட்டது.

ஜெனி.


ஆம்பூர்
23.8.1998

அன்பான ஜெனிஃபாவுக்கு, ஆண்டவர் தயவால் இங்கே நான் சுகம். நீ ஐந்தாவது மாதத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று அறிந்து சந்தோஷம்.

குமரனுக்கு வியாழக்கிழமை கடை லீவு என்பதால் அன்றைக்கு மாடியில் சத்தம் ஜாஸ்தி. வளையல் வேலைக்காரியிடம்தான் இருந்ததாம், அவள் ஊருக்குப் போய்விட்டாள். ரோஸ்மில்க் வாங்கித் தர நான் கடமைப்பட்டவள்.

மரியம்மாள் அத்தை அமிர்தவள்ளிக்காக ஜெபிப்பதை அவளுக்குச் சொல்ல வழியில்லை. ஆனாலும் எனக்குக் கேட்க ஆறுதலாக இருந்தது. அத்தைக்குச் சொல், அமிர்தவள்ளி தைரியமான பெண். தனகோடி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியபோதுகூட அவள் தட்டவில்லை. படியில் உட்கார்ந்து தலையைப் பின்னி முடித்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு அந்தக் காட்சி இரண்டு நாள் கண்ணிலேயே இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைக் கிள்ளி ரத்தம் வர வைத்திருப்பாய்.

உன் இடத்தில் இப்போது பாஷா பாயின் பூனை உட்காருகிறது.

ஃபீபி.


ஆம்பூர்
14.10.1998

அன்பான ஜெனிஃபாவுக்கு, நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லா நேரமும் வேண்டிக்கொள்கிறேன்.

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். கம்பெனிக்கு ஒரு வாரமாகப் போகவில்லை, அது ஒன்றும் இல்லை.

அமிர்தவள்ளியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவளுக்கு நெஞ்சுப் பக்கம் ஒரு கட்டி. எத்தனை நாளாக இருந்ததோ, வலிக்கவில்லை என்று விட்டுவிட்டாள். பாஷா பாயின் பெண்சாதிதான் வற்புறுத்தி வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சதை எடுத்துப் பார்த்தார்கள். நல்ல சேதி இல்லை. அடுத்த மாதம் ஆபரேஷன்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பயம் என்று சொல்ல முடியாது. யாரிடம் சொல்வது என்றுதான். அவளுக்கு என்று இருப்பது ஒரே ஒரு தங்கை. தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்தத் தங்கையைக் கையில் தூக்கி வளர்த்தவள் அவள். சொன்னால் ஓடி வந்துவிடுவாள், வரக்கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஜெனி, இதை நீ நிதானமாக இன்னொரு தடவை வாசித்துப் பார்.

ஃபீபி.


கலவை
25.10.1998

அக்கா, அக்கா, அக்கா!

எனக்குத் தெரியும், கதை இழுக்கிறது என்றால் வியாதியைக் கொண்டுவருவார்கள் என்று! ஆனால் இப்படி ஒரு கட்டியைக் கொண்டுவருவான் என்று நான் நினைக்கவே இல்லை. நீ எழுதியிருந்த விதம் இருக்கிறதே, பஸ், ஜன்னல் எல்லாம், நேரில் பார்த்த மாதிரியே இருந்தது. வாசிக்கும்போது இவருக்கே குரல் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாயே, இரண்டு தடவை வாசித்தேன்.

ஆனால் எழுதுகிறவனுக்கு மறதியா, திமிரா? அமிர்தவள்ளி வேதாசலத்துக்கு ஒரே பிள்ளை. முதல் வாரமே அவர் "ஒத்தப் புள்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, நீயும் நானும் சேர்ந்துதானே பார்த்தோம்? திடீரென்று தங்கச்சி எங்கிருந்து முளைத்தாள்? அப்படியே இருந்தாலும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. என்ன தங்கச்சி அவள்? வளர்த்த அக்காவுக்கு இவ்வளவு நடக்கிறது, சொன்னால்தான் தெரியுமா? மனசுக்குப் பட வேண்டாமா? கல்நெஞ்சுக்காரி.

என் பந்தயத்தைச் சொல்கிறேன். அமிர்தவள்ளி பிழைக்கக் கூடாது. பிழைத்தால் கதை சப்பென்று போய்விடும். அவள் செத்துப்போய், தனகோடி அவள் காலைப் பிடித்துக்கொண்டு கதற வேண்டும், அந்தத் தங்கச்சி கடைசியில் வந்து முகம்கூடப் பார்க்க முடியாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் கதை நிற்கும். இரண்டு ரோஸ்மில்க்!

அத்தை சாப்பிடவில்லை. அமிர்தவள்ளிக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கப்போகிறார்களாம்.

ஜெனி.


ஆம்பூர்
5.11.1998

அன்பான ஜெனிஃபாவுக்கு, கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருப்பாராக. ஏழு மாதம் முடிந்துவிட்டது. இனிமேல் இடது பக்கமாகப் படு.

அமிர்தவள்ளியின் தங்கையை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. சிறு வயதில் எனக்கு, அதாவது அமிர்தவள்ளிக்கு, காய்ச்சல் வந்தால் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகாமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவாளாம். அவளுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். அமிர்தவள்ளி எழுதத்தான் செய்கிறாள். நேராக எழுதத் தைரியம் வரவில்லை. தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு மனசு, தெரியாமலே இருக்கட்டும் என்று ஒரு மனசு. போன தடவை எழுதியது தங்கைக்குப் புரியவில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் நல்லதுதான் என்று தோன்றியது.

பதினோராம் தேதி ஆபரேஷன். பாஷா பாய் ரத்தம் கொடுக்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குச் சர்க்கரை, அவருடையதை எடுக்கமாட்டார்கள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

இது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பந்தயம் கட்டவில்லை.

ஃபீபி.


கலவை
20.11.1998

அக்கா, மோசம் போனேன்.

எங்கள் சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காக ஜெபிப்பார்கள். நாளைக்கு அத்தை போகிறார்கள். "அமிர்தவள்ளி எந்த வார்டுல இருக்கா, உங்கக்கா எழுதலையே" என்று கேட்டார்கள். அவளைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். "யாரு சொன்னா?" என்றார்கள். பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடிவிட்டேன். சாத்துக்குடி வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்த மனுஷி. அங்கே போய்க் கட்டில் கட்டிலாகத் தேடி, இல்லாத ஒருத்தி இல்லை என்று தெரிந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு இந்த வீட்டில் சோறு தின்பது? உனக்கு இந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

21.11. சனி சாயங்காலம். இதிலேயே மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அத்தை வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாத்தேன். அமிர்தவள்ளியப் பாத்தேன்" என்றார்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் யாராவது ஒருத்தி இருந்திருப்பாள், அத்தை நம் அமிர்தவள்ளி என்று நினைத்துக்கொண்டார்கள். யார் பெற்ற பெண்ணோ, நம்மால் அவளுக்குச் சாத்துக்குடி கிடைத்தது. தப்பித்தேன் அக்கா!

ஆனால் அத்தை அதற்கப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான், குளிருது" என்றார்கள்.

ஜெனி.


ஆம்பூர்
12.12.1998

அன்பான ஜெனிஃபாவுக்கு, உன் பிரசவ நாள் கிட்டே வந்துவிட்டது. ஆண்டவர் கூடவே இருப்பார்.

இடது கையைத் தூக்க முடியாததால் தாளைப் பிடிக்க ஆளில்லை, எழுத்து கோணல் மாணலாக வருகிறது. கை சுளுக்கு. மன்னித்துக்கொள்.

அமிர்தவள்ளியின் ஆபரேஷன் முடிந்து மாடிக்குத் திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளைப் பார்க்க வெளியூர் அம்மா ஒருவர் வந்தார். கட்டில் கட்டிலாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தவர், இவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் பையிலிருந்து சீப்பை எடுத்து, இவள் தலையைச் சிக்கு எடுத்துப் பின்னிவிட்டார். அமிர்தவள்ளிக்குத் தாய் இறந்த பிறகு அவள் தலையை வேறொருவர் பின்னிவிட்டது அன்றைக்குத்தான்.

இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார். மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது, ஆனாலும் வருகிறார்.

உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. நாட்டுச் சர்க்கரை அனுப்பட்டுமா?

ஃபீபி.


ஆற்காடு
4.1.1999

அக்கா,

டிசம்பர் முப்பதாம் தேதி பெண் குழந்தை. சுகம். நானும் சுகம். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் திமிரியிலிருந்து வந்த ஓர் அக்கா. முந்தாநாள் பேச்சுவாக்கில் டிவியைப் பற்றி வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இத்தனை மாதமாக இதைப் பேச ஆளில்லாமல் இருந்தவள் இல்லையா? நான் முதலில் கேட்டதே, "அமிர்தவள்ளி பிழைச்சிக்கிட்டாளா?" என்பதுதான். உன் கடைசிக் கடிதத்தில் அது தெளிவாக இல்லை.

அவள் சிரித்தாள். "எந்த அமிர்தவள்ளி? வியாழக்கிழமை வருமே, அதுவா? அது தீபாவளிக்கு முந்தியே முடிஞ்சிபோச்சே. தனகோடி கால்ல வுழுந்தா, எல்லாரும் நின்னு போட்டோ புடிச்சிக்கிட்டாங்க. கட்டியாவது ஒண்ணாவது, அந்தக் கதையில யாருக்கும் தலைவலிகூட வரலியே!"

அக்கா, நான் குழந்தையைப் பக்கத்தில் விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் உனக்கு எழுதியது எல்லாம் வரி வரியாக ஞாபகம் வந்தது. செத்தால்தான் கதை நிற்கும் என்று எழுதினேன். ரோஸ்மில்க் பந்தயம் கட்டினேன்.

அத்தை கஞ்சி கொண்டுவந்தார்கள். "அத்த, நீங்க பாத்தது யாரை?" என்றேன். கஞ்சியைக் கீழே வைத்தார்கள். "அக்டோபர்லேருந்து உங்கக்கா எழுதுன கடுதாசில 'நான் சுகம்'னு ஒரு வரி இல்ல. ஜார்ஜு படிக்கும்போது அதத்தான் நான் காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டிருந்தேன். அதான் போய்ப் பாத்தேன்" என்றார்கள்.

நானும் அதே கடிதங்களைத்தான் கேட்டேன். நான் கதையைக் கேட்டேன்.

எழுது. உன் பெயரில் எழுது.

ஜெனி.


ஆம்பூர்
11.1.1999

என் ஜெனிக்கு,

இதையும் மாப்பிள்ளை உரக்கவே வாசிக்கட்டும். ஒளிக்க ஒன்றும் இல்லை.

எனக்குச் சுகமில்லை. கட்டி எனக்குத்தான். எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஈரல் வரைக்கும் போயிருக்கிறது. மருந்து ஏற்றினால் சில மாதங்கள் தள்ளலாம் என்றார் டாக்டர், ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். முடியெல்லாம் போய்விட்டது, மரியம்மாள் அத்தை சீப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். பாஷா பாய் மாடியை எனக்கே கொடுத்துவிட்டார், வாடகை பேச்சையே எடுக்கக் கூடாதாம். ஆகவே மாடி வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பது இப்போது நிஜம்தான்.

நீ எழுதியதற்காக அழாதே. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த 'இரண்டு ரோஸ்மில்க்' வந்த அன்றைக்குக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். ராத்திரி எழுந்து தேடி எடுத்து நீவி வைத்தேன். நீ நல்ல ரசிகை ஜெனி. ஒரே பிள்ளைக்குத் தங்கை எப்படி வந்தாள் என்று கண்டுபிடித்தாயே, அதில் பாதி எனக்குப் பெருமைகூட.

ஏன் கதையை முடிக்காமல் விட்டேன் என்று கேட்பாய். கடைசி வாரம் ஓடியது அக்டோபர் எட்டாம் தேதி. அன்றைக்குப் பகலில்தான் வேலூரில் எனக்கு முடிவு சொன்னார்கள். நேராக வந்து பாஷா பாய் ஹாலில் உட்கார்ந்தேன். தனகோடி காலில் விழுந்தாள், குமரன் ஒரு வருஷமாகப் பேசாததை எல்லாம் ஒரே மூச்சில் பேசினான், எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாய்க்குக் கோபம். "ஒரு வருஷம் அழ வெச்சிட்டு அரை மணி நேரத்துல எல்லாரையும் நல்லவங்களாக்கிட்டானே, இன்னா நியாயம் இது?" என்றார். நீ இருந்திருந்தால் தரையில் புரண்டு சிரித்திருப்பாய். அதை அப்படியே உனக்கு எழுதி முடித்துவிட்டால், அடுத்த கடிதத்தில் எழுதுவதற்கு என்னைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அந்தப் பயம்தான்.

உன் அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் என் தலையைப் பின்னி முடித்த பிறகு கேட்டார்கள், "மாடியில அமிர்தவள்ளின்னு யாராவது இருக்காளா?" என்று. "இல்ல அத்த." "டிவி கதையா?" "ஆமா அத்த." சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துச் சுருட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "சரி, மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தது வீணா போவாது. அது உன் பேர்ல இருந்துட்டுப் போவட்டும்" என்றார்கள். பிரசவம் ஆகிற வரைக்கும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். அதனால்தான் சனிக்கிழமைகளில் ஊழியத்துக்குப் போகிறேன் என்று மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு இங்கே வந்தார்கள். போகும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்கள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக, "அந்தத் தனகோடி கடைசில திருந்துனாளா?" என்று கேட்டார்கள். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன் ஜெனி.

முப்பது நாள் ஆகாமல் வராதே. ஆனால் வா.

ஃபீபி.


கலவை
17.1.1999

என் ஃபீபி அக்காவுக்கு,

முப்பது நாள் யாரிடம் இருக்கிறது? சனிக்கிழமை வருகிறோம். இவர் கார் பேசிவிட்டார். டாக்டரம்மா திட்டினார், திட்டட்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை, நீ வைப்பதற்காக எல்லாரும் 'பாப்பா' என்றே கூப்பிடுகிறோம். மூக்கு உன் மூக்கு. முகத்தைச் சுளித்துப் பார்ப்பதும் உன்னை மாதிரிதான், யார் தையலில் குற்றம் கண்டுபிடிக்கலாம் என்கிற மாதிரி.

உன் கடிதத்தை நேற்று ராத்திரி ஜெபத்தில் இவர் வாசித்தார். பாதியில் அவரால் முடியவில்லை, நான் வாங்கி வாசித்தேன். தனகோடி திருந்தினாளா என்று அத்தை கேட்ட இடம் வந்தபோது அத்தை முகத்தை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்கள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வழக்கமாக அத்தைதான் ஜெபிப்பார்கள். நேற்று, "இன்னிக்கி நீ பண்ணு" என்று என்னிடம் சொன்னார்கள். அக்கா, இத்தனை மாதமும் இந்த வீட்டில் தினம் தினம் அமிர்தவள்ளிக்காக ஜெபம் நடந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவள் இல்லாதவள் என்று எனக்குத் தெரியும், அதனால் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளவில்லை. மூடிய கண்ணுக்குள் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முட்டி போட்டேன். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். உன் பெயரைச் சொல்ல வேண்டும். தொண்டை வரை வருகிறது, வெளியே வரவில்லை. உன் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. கடைசியில் என் வாயில் வந்தது, "மாடி வீட்டு அமிர்தவள்ளியக் காப்பாத்தும்" என்பதுதான்.

அத்தை என்னைத் திருத்தவில்லை. "ஆமென்" என்றார்கள்.

ஜெனி.